சீயக்காய்க்கு மாறினா எல்லாம் சரியாயிடுமா?

அன்புள்ள அக்கா,

மேடவாக்கம் பக்கம் அபார்ட்மெண்ட்ல இருக்கோம், நான், வீட்டுக்காரர், ஏழு வயசுப் பையன், மாமியார். சொந்த ஊர் கும்பகோணம் பக்கம். இங்க போர் தண்ணியும் லாரி தண்ணியும் கலந்து வருது. வந்ததுல இருந்து எனக்கு முடி கொட்டுது, கொட்டுறதுகூட பரவாயில்ல, கையை விட்டா தென்னந்துடைப்பம் மாதிரி இருக்கு. பையனுக்கு முழங்கை மடிப்புலயும் முட்டிக்குப் பின்னாடியும் சொரசொரன்னு ஆகி சொறிஞ்சுகிட்டே இருக்கான். வீடியோ எல்லாம் பாத்துட்டு பொங்கலுக்கு அப்புறம் ஒரு முடிவு எடுத்தேன், இனிமே வீட்ல கெமிக்கலே வேண்டாம், உடம்புக்கு மென்மையானதுதான்னு. ஷாம்பு, சோப்பு, ஃபேஸ்வாஷ் எல்லாத்தையும் ஒரே நாள்ல எடுத்து போட்டாச்சு. தலைக்கு வாரம் மூணு தடவை சீயக்காய், உடம்புக்கு நலங்கு மாவு, முகத்துக்கு எலுமிச்சையும் தேனும், தலை பிசுபிசுன்னு இருந்தா ஆப்ப சோடா கரைச்சு அலசுறது. வீட்டுக்காரருக்கு பொடுகுக்கு ராத்திரி நல்லா எண்ணெய் வச்சு விடுறேன்.

இப்ப என்னன்னா, முடி இன்னும் மோசம். அவருக்கு பொடுகு சட்டையில கொட்டுது. பையன் மாவு டப்பாவைப் பாத்தாலே எரியுதுன்னு ஓடுறான். மாமியார் சிரிக்கிறாங்க. ஞாயித்துக்கிழமை பாதி நாள் இதுக்கே போயிடுது. ரெண்டு மூணு மாசம் பொறுத்தா உடம்பு பழகிக்கும்னு வீடியோல சொல்றாங்க, நிஜமா? இல்ல பழையபடி மாறிடவா?

மேடவாக்கத்திலிருந்து ஒரு வாசகி

*

மேடவாக்கத்து தங்கச்சிக்கு,

பேர் போட வேண்டாம்னு சொல்லியிருந்தீங்க, போடல. கடிதத்தையும் கொஞ்சம் சுருக்கிட்டேன்.

கடைசி கேள்விக்கே மொதல்ல வர்றேன். பழகிக்கும்னு சொல்றதை நம்பி இன்னும் ரெண்டு மாசம் ஓட்டாதீங்க. தலையில எண்ணெய் எவ்வளவு சுரக்கணும்னு முடிவு பண்றது ஹார்மோன், நீங்க வாரத்துக்கு எத்தனை தடவை அலசுறீங்கன்னு அது கணக்கு எழுதி வச்சுக்கிறதில்ல. அதுவாவது பிசுபிசுப்பு, சமாளிச்சுக்கலாம். எரிச்சல் அப்படி இல்ல, அது பழகிக்க வேண்டிய விஷயமே இல்ல. பையன் எரியுதுன்னு சொன்னா எரியுதுன்னுதான் அர்த்தம், அவன் சாக்கு சொல்லல.

அதனால மொதல்ல பையன். முழங்கை மடிப்பு, முட்டிக்குப் பின்னாடி, சொரசொரப்பு, ராத்திரி சொறியிறது, இதெல்லாம் சேந்தா பெரும்பாலும் எக்சிமாவாத்தான் இருக்கும், அதாவது தோல் வறண்டு அரிச்சுகிட்டே இருக்கிற நோய், தோல் டாக்டர் பாத்து உறுதி பண்ணணும். அந்தத் தோலுக்கு நலங்கு மாவு ஆகவே ஆகாது. உங்க மாவுல என்னென்ன இருக்குன்னு லிஸ்ட் அனுப்பியிருந்தீங்க, பாசிப்பயறு, கஸ்தூரி மஞ்சள், பூலாங்கிழங்கு, கோரைக்கிழங்கு, வெட்டிவேர், ஆவாரம்பூ, கார்போகரிசி. கடைசியா இருக்கே கார்போகரிசி, அதுல சோரலென்னு ஒண்ணு இருக்கு, அது தோல்ல பட்டு வெயிலும் பட்டா தோல் சிவந்து கருத்துப் போகும், கொப்புளம்கூட வரும். வெண்புள்ளிக்கு சோரலெனை வச்சு புற ஊதா வெளிச்சம் காட்டி வைத்தியமே பண்றாங்க, அவ்வளவு வேகமான சரக்கு அது. நாட்டு மருந்துக்கடைல நலங்கு மாவு சாமான்னு கேட்டா அதையும் சேத்து பொட்டலம் கட்டிடுறாங்க, நாமளும் மூலிகைதானேன்னு குழந்தைக்கு தேய்க்கிறோம். அதுபோக மாவு எவ்வளவு சலிச்சாலும் நறநறன்னுதான் இருக்கும், ஏற்கனவே வெடிச்சிருக்கிற தோல்ல அதைப் போட்டு தேய்ச்சா அவன் ஓடாம என்ன பண்ணுவான்.

மாவை நிறுத்துறதுன்னா பழைய சோப்புக்குப் போகணும்னு இல்ல. நம்ம தோலோட மேல்பரப்பு லேசான அமிலத்தன்மை, பிஹெச் (அமிலமா காரமான்னு சொல்ற அளவு, 7க்குக் கீழ அமிலம், மேல காரம்) கிட்டத்தட்ட 4.5லேந்து 5.5க்குள்ள. சோப்புன்னு விக்கிறது எதுவா இருந்தாலும், ராப்பர்ல குழந்தை படம் போட்டிருந்தாலும், கையால செஞ்சது ஆட்டுப்பால்ல செஞ்சதுன்னு சொன்னாலும், எண்ணெயும் காரமும் சேத்து செஞ்ச சோப்புன்னா அது 9, 10னு காரப் பக்கம்தான் இருக்கும். டாக்டருங்க சிண்டெட் பார்னு எழுதித் தர்றாங்களே, அது பாக்க சோப்பு மாதிரி இருக்கும், ஆனா சோப்பு இல்ல, அதனால பிஹெச்சை 5.5 பக்கத்துல வச்சு செய்ய முடியுது. அதையும் அக்குள், தொடை இடுக்கு, பாதம், அன்னைக்கு விளையாடி அழுக்கான இடம், இங்க மட்டும் போட்டா போதும். மத்த இடத்துக்கு தண்ணியே போதும், நிஜமாவே போதும். வெதுவெதுப்பான தண்ணி, அஞ்சு பத்து நிமிஷம், பீர்க்கங்காய் நார் வேண்டவே வேண்டாம், துண்டால தேய்க்காம ஒத்தி எடுத்து ஈரம் இருக்கும்போதே மாய்ஸ்சரைசர் தாராளமா பூசிடணும். காசு செலவு பண்றதா இருந்தா சோப்பை விட இந்தப் பூச்சுல பண்ணுங்க, பலன் அங்கதான்.

இன்னொண்ணு, பையனுக்காக வாட்டர் சாஃப்ட்னர், அதான் தண்ணியோட கடினத்தன்மையைக் குறைக்கிற மெஷின், போடலாமான்னு கேட்டிருந்தீங்க. அதுக்காக போட வேணாம். இங்கிலாந்துல இதை ஒழுங்கா சோதிச்சே பாத்திருக்காங்க, எக்சிமா இருக்கிற 336 குழந்தைங்களை எடுத்து பாதி பேர் வீட்ல சாஃப்ட்னர் வச்சாங்க, 2011ல முடிவு வந்துச்சு, வழக்கமான வைத்தியத்துக்கு மேல அதனால பெருசா எந்தப் பலனும் இல்ல. கடைக்காரர் இதையெல்லாம் சொல்ல மாட்டார்.

ஆனா உங்க முடி விஷயத்துல தண்ணிக்கு நிச்சயமா பங்கு இருக்கு. உப்புத் தண்ணின்னு பொதுவா சொல்லிடுறோம், இங்க பிரச்சனை கால்சியமும் மெக்னீசியமும், அதாவது கடினத்தன்மை. குழாய் வாயில வெள்ளையா பொருக்கு கட்டுதா, பக்கெட் ஓரத்துல கோடு விழுதா, அதுதான். குடிதண்ணிக்கான நம்ம ஐஎஸ் 10500 தரத்துல கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரைக்கும் ஏத்துக்கலாம்னும், வேற வழியே இல்லன்னா 600 வரைக்கும்னும் இருக்கு. அபார்ட்மெண்ட் அசோசியேஷன்ல தண்ணி டெஸ்ட் ரிப்போர்ட் இருக்கும், கேட்டு வாங்கிப் பாருங்க, அதுல டிடிஎஸ் (கரைஞ்சிருக்கிற மொத்த உப்பு) வரியைப் பாக்காதீங்க, டோட்டல் ஹார்ட்னஸ் வரியைப் பாருங்க, ரெண்டும் வேற. சோப்பு இந்தத் தண்ணியில சேந்தா நுரைக்குப் பதிலா வெள்ளையா ஒரு பிசுக்கு வரும், அது முடியில படிஞ்சுக்கும். சீயக்காயில நுரை குடுக்கிற சாப்போனின் அப்படி பிசுக்கு கட்டாது, அந்த வகையில நீங்க சீயக்காய் பக்கம் போனது நல்ல முடிவுதான். தலை அலசி முடிச்ச கடைசி ஒரு சொம்புக்கு மட்டும் ஆர்ஓ தண்ணி ஊத்திப் பாருங்க, ஆர்ஓ மெஷின் கழிச்சு விடுற தண்ணி இல்ல, குடிக்கிற தண்ணி. ஷவர்ல மாட்டுற ஃபில்டர் பல வருதே, அதுல பெரும்பாலானது குளோரினைத்தான் குறைக்கும், கடினத்தன்மை அப்படியே வந்து இறங்கும்.

அப்புறம் ஏன் சீயக்காய் போட்டும் முடி இப்படின்னா, நம்ம வீடுகள்ல சீயக்காய் தனியா இருந்ததே இல்லையே. அது எண்ணெய் எடுக்கிற சாமான். வாரத்துக்கு ஒரு நாள், தலை நிறைய நல்லெண்ணெயோ தேங்காய் எண்ணெயோ வச்சு ஊறி, அப்புறம் சீயக்காய், அதையும் சும்மா தண்ணியில கரைக்காம வடிச்ச கஞ்சியில கரைச்சு வழவழன்னு தேய்ப்பாங்க. நீங்க வாரம் மூணு தடவை, எண்ணெயே வைக்காத தலையில, பச்சைத்தண்ணியில கரைச்சு போடுறீங்க. எடுக்கிறதுக்கு எண்ணெய் இல்லாதப்ப முடியில இருக்கிற கொஞ்சநஞ்சத்தையும் அது எடுத்துட்டுப் போயிடுது. இப்ப எல்லார் வீட்டுலயும் குக்கர், கஞ்சிக்கு எங்க போறதுன்னா, செம்பருத்தி இலை நாலஞ்சு கசக்கிப் போட்டா அதே வழவழப்பு கிடைக்கும், வெந்தயம் ஊற வச்ச தண்ணியும் ஆகும். வேர்வைக்கு நடுவுல ஒரு தடவை அலசணும்னா அரப்புத்தூள் இன்னும் சாது, உசிலை மர இலையைக் காய வச்சு அரைக்கிறது, கோயம்புத்தூர், ஈரோடு பக்கம் போனா எந்தக் கடையிலயும் கிடைக்கும், சென்னையில நாட்டு மருந்துக்கடையில கேளுங்க. உங்க மாமியார் சிரிக்கிறாங்கன்னு எழுதியிருக்கீங்க, எனக்கென்னவோ அவங்களுக்கு இது தெரிஞ்சிருக்கும்னு தோணுது, கேக்கலையேன்னுதான் சும்மா இருக்காங்க.

தேங்காய் எண்ணெய் பத்தி ஒண்ணு சொல்லணும். குளிக்கிறதுக்கு முன்னாடி வச்சா முடியில இருந்து புரதம் இழக்கிறது குறையுது, சூரியகாந்தி எண்ணெய்க்கும் மினரல் ஆயிலுக்கும் இந்த வேலை தெரியலன்னு 2003ல மும்பையில இருந்து ஒரு ஆய்வு வந்துச்சு. செஞ்சது தேங்காய் எண்ணெய் விக்கிற கம்பெனியோட ஆய்வுக்கூடம்தான், அதையும் மனசுல வச்சுக்கணும், இருந்தாலும் தேங்காய் எண்ணெய் முடிக்குள்ள இறங்குதுங்கிறது நம்பலாம்கிற மாதிரிதான் இருக்கு.

ஆப்ப சோடாவை இன்னைக்கே சமையலறைக்கு அனுப்பிடுங்க. அது 8க்கு மேல காரம், முடி மேல ஓடு மாதிரி மூடியிருக்கிற மெல்லிய செதிலை எழுப்பி விட்டுடும், அப்புறம் சீப்பு போட்டா முடி ஒண்ணோட ஒண்ணு மாட்டி அறுந்து வரும். எலுமிச்சை இதுக்கு நேர் எதிர், பிஹெச் 2 பக்கம், முகத்துல நேரா தேய்க்கிற பொருளே இல்ல, அதைத் தேய்ச்சுட்டு வெயில்ல போனா கார்போகரிசிக்குச் சொன்ன அதே கதைதான், திட்டுத்திட்டா கருப்பு விழுந்து போக மாசக்கணக்காகும். இதெல்லாம் கெமிக்கல் இல்லன்னு யார் சொன்னாங்கன்னு தெரியல.

உங்க வீட்டுக்காரருக்கு நீங்க பாசமா எண்ணெய் வச்சு விடுறது புரியுது. ஆனா பொடுகுக்குப் பின்னாடி மலசீசியான்னு ஒரு பூஞ்சை இருக்கு, எல்லார் தலையிலயும் இருக்கிறதுதான், அதுக்கு சாப்பாடே எண்ணெய்தான். பொடுகு உள்ள தலையில ராத்திரி பூரா எண்ணெயை ஊற வைக்கிறது அதுக்கு விருந்து. அவர் தலைக்கு இப்போதைக்கு மென்மைன்னா எண்ணெயை நிறுத்திட்டு பூஞ்சையை அடக்குற 2 சதவீத கீட்டோகொனசோல் ஷாம்பு, வாரம் ரெண்டு தடவை, போட்டு மூணுலேந்து அஞ்சு நிமிஷம் விட்டு அலசணும், ரெண்டுலேந்து நாலு வாரம். நீங்க ஷாம்புவையே ஒழிச்சுட்டதா சொல்றீங்க, இது ஒண்ணை உள்ள விடுங்க.

இவ்வளவும் ஒரு பக்கம். எனக்கு உங்க கடிதத்துல ரொம்ப உறுத்துனது அந்த ஞாயித்துக்கிழமைதான். சனிக்கிழமை மொட்டை மாடியில பேப்பர் விரிச்சு காய வைக்கிறது, காக்காய் விரட்டுறது, மெஷினுக்கு தூக்கிட்டுப் போனா மொளகா அரைக்கிறதுல இதைப் போட மாட்டேன் சீயக்காய்க்கு தனி மெஷின் இருக்கிற கடைக்குப் போங்கன்னு சொல்றது, வந்து தும்மிகிட்டே சலிக்கிறது, ஞாயிறு காலைல நாலு பேருக்கும் கரைச்சு குடுத்து, எல்லாரும் குளிச்சு முடிச்சதும் பாத்ரூம் தரையில பழுப்பா ஒட்டியிருக்கிற சகதியைத் தேய்ச்சு, தண்ணி போற சல்லடையில முடியும் பொடியும் சேந்து அடைச்சுக்கிட்டதை விரல் விட்டு எடுக்கிறது, இது எல்லாத்தையும் செய்றது நீங்க ஒருத்தர். கடிதம் முழுக்க எங்கயும் அவர் சலிச்சார்னோ கழுவினார்னோ இல்ல, நான் ரெண்டு தடவை தேடிப் பாத்தேன். நாலு தோலுக்கு மென்மை தேடி ஒருத்தி இடுப்பு ஒடியுதுன்னா அந்த ஏற்பாட்டுல எனக்கு சம்மதம் இல்ல. அரைச்ச பொடியே கடையில வாங்குங்க, ஒண்ணும் கொறைஞ்சுடாது, கலர் சேக்காத வாசனை சேக்காததா பாத்துக்குங்க. கரைக்கிறதும் பாத்ரூம் கழுவுறதும் யார் குளிக்கிறாங்களோ அவங்க.

சோப்பு விஷயத்துல ஒண்ணு விட்டுப்போச்சு. ராப்பர்ல டிஎஃப்எம் 76க்கு மேல இருந்தா தோலுக்கு நல்லதுன்னு வீடியோ வீடியோவா சொல்றாங்க. அது கிரேடு 1 டாய்லெட் சோப்புக்கான அளவு, அதுல கொழுப்புச் சத்து எவ்வளவுங்கிற கணக்கு, தரமா செஞ்ச சோப்புன்னு சொல்லலாம். பிஹெச்சுக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல. 76 இருக்கிறதும் 9, 10தான். உங்களுக்கும் மாமியாருக்கும் தோல்ல தொந்தரவு எதுவும் இல்லன்னா சாதா சோப்பை தாராளமா திரும்ப எடுத்துக்குங்க, உடம்பு முழுக்க தினம் ரெண்டு தடவை போடாம இருந்தா சரி. மாமியாருக்கு வயசாச்சு, காலு வறண்டு போகுதுன்னா பையனோட சிண்டெட் பாரையே அவங்களுக்கும் குடுங்க.

எல்லாத்தையும் மறுபடி ஒரே நாள்ல மாத்திடாதீங்க, போன தடவை நாலு உடம்புல அஞ்சாறு விஷயத்தை ஒரே நேரத்துல மாத்தினதுலதான் எது என்ன பண்ணுச்சுன்னு தெரியாம போச்சு. இந்த வாரம் பையன் மாவை நிறுத்துறதும் எலுமிச்சை, சோடாவைத் தூக்கிப் போடுறதும் மட்டும். டாக்டர்கிட்ட போகும்போது மாவு டப்பாவைக் கையோட எடுத்துட்டுப் போய் காட்டுங்க. சொறிஞ்ச இடத்துல நீர் கசிஞ்சு மஞ்சளா பொருக்கு கட்டினா அப்பாயின்ட்மென்ட் தேதிக்காக காத்திருக்காம அன்னைக்கே போயிடணும். உங்க தலைக்கு எண்ணெய், செம்பருத்தி எல்லாம் அடுத்த வாரத்துல இருந்து ஆரம்பிக்கலாம். கீட்டோகொனசோல் ஷாம்புவை அவரையே மெடிக்கல்ல போய் வாங்கிக்கச் சொல்லுங்க, வரும்போது பையனுக்கு வாசனை போடாத பெட்ரோலியம் ஜெல்லி ஒரு பெரிய டப்பாவும் சேத்து வாங்கிட்டு வரட்டும்.

அன்புடன்
அக்கா