கிரைட்டன் கோட்டையின் வைரச் சுவர்

கேள்வி: ஸ்காட்லாந்தின் கிரைட்டன் கோட்டையில் இத்தாலிய மறுமலர்ச்சிக் காலச் சுவர் ஒன்று இருக்கிறதாமே? இத்தாலியின் ஃபெராரா நகரத்து வைர மாளிகையைப் பார்த்து அப்படியே காப்பியடித்ததுதானே? இடைக்காலக் கோட்டைக்கு ஏன் இந்த ஒட்டு வேலை?

பதில்: 'அப்படியே' என்ற சொல்லை மட்டும் வாபஸ் வாங்கிக்கொள்ளுங்கள். ஃபெராராவில் 1493-ல் தொடங்கிய அந்த மாளிகையில், எட்டாயிரத்துக்கும் அதிகமான பளிங்குக் கற்கள் வைரம்போல் பட்டை தீட்டப்பட்டுத் தெருவைப் பார்த்து நிற்கின்றன. போகிற வருகிறவரெல்லாம் வாய் பிளக்கட்டும் என்றே செய்த வேலை. கிரைட்டனில் அதே பட்டைக் கற்கள் உள்முற்றத்தைப் பார்க்கின்றன. எடின்பரோவுக்குத் தென்கிழக்கே, டைன் நதிப் பள்ளத்தாக்கின் மேல் நிற்கும் அந்தக் கோட்டையை வெளியிலிருந்து பாருங்கள். முரட்டுச் சுவர்தான். வாசலில் நிறுத்தி விசாரித்து, உள்ளே விடப்பட்ட ஆளுக்குத்தான் வைர தரிசனம். இப்படித் திருப்பி வைக்க யோசனை வேண்டாமா?

கோட்டை என்றால் ஒரே நாளில் கட்டி முடித்தது என்று நினைத்துக்கொள்கிறோம். இங்கே கோபுர வீடு 14-ஆம் நூற்றாண்டு, பெருமண்டபம் 15-ஆம் நூற்றாண்டு. வைரச் சுவரை 1580-களில் எழுப்பியவர் ஐந்தாம் பாத்வெல் பிரபு ஃபிரான்சிஸ் ஸ்டீவர்ட். மன்னர் ஐந்தாம் ஜேம்ஸின் பேரன். தாத்தா ஸ்டர்லிங் அரண்மனையின் வெளிச்சுவரில் சிலைகளை வரிசையாக நிறுத்தி ஊருக்கே காட்டியவர். பேரன் ரகம் வேறு. கீழே வளைவுகள் வரிசை, மேலே பட்டைக் கற்கள். வளைவுகளின் பக்கத்தில் போய் நின்றால் கல்லில் ஒரு நங்கூரம் தெரியும். மலைச்சரிவில் நங்கூரமா என்று கேட்காதீர்கள், ஐயா ஸ்காட்லாந்தின் கடற்படைத் தலைவராகவும் இருந்தார்! மனைவி மார்கரெட் டக்ளஸின் பெயரெழுத்தும் அங்கே உண்டு.

என்னைக் கேட்டால் வைரத்தைவிடப் படிக்கட்டுதான் பெரிய விஷயம். அதுவரை அங்கே சுருள் படிதான் வழக்கம். ஒருவர் பின் ஒருவராக, சுவரைத் தடவிக்கொண்டு ஏற வேண்டும். பாத்வெல் போட்டது நேர்ப்படி: கொஞ்சம் ஏறி, மேடையில் நின்று, திரும்பி மறுபடி ஏறலாம். ஸ்காட்லாந்தில் இந்த மாதிரிப் படிகளில் மிகப் பழையவற்றில் இதுவும் ஒன்று. பிரபுவும் சீமாட்டியும் பட்டுடை கசங்காமல் சேர்ந்தே மாடிக்குப் போகலாம். சுவருக்குப் பூசும் அலங்காரத்தை ஒட்டு வேலை என்று வேண்டுமானால் சொல்லுங்கள். ஆள் நடக்கும் விதத்தையே மாற்றிய படிக்கட்டை எப்படி அந்தக் கணக்கில் சேர்ப்பீர்கள்?

கட்டியவருக்கு அதில் ஏறி இறங்க அதிக வருஷம் கிடைக்கவில்லை என்பது வேறு கதை. மன்னர் ஆறாம் ஜேம்ஸுக்குச் சூனியம் வைக்கத் தூண்டினார் என்று 1591-ல் பழி வந்தது. சொத்தெல்லாம் பறிபோய், நாட்டைவிட்டு ஓடி, 1612-ல் நேப்பிள்ஸில் இறந்தார். ஆம், இத்தாலியில்தான்.