முப்பத்தொரு 555 புத்தகங்கள்: மண்டோர் எழுதி வைத்த குறிப்புகள் ஆராய்ச்சிக்கு ஆகுமா?

கேள்வி: மலேசியாவில் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டமொன்றில் பால்வெட்டுக்குச் சேர்ந்து, மண்டோராக, அதாவது வேலை மேற்பார்வையாளராக, ஓய்வு பெற்றவன் நான். 1987இலிருந்து கண்ணில் பட்டதையெல்லாம் 555 என்ற சின்னக் குறிப்புப் புத்தகத்தில் எழுதி வைப்பது பழக்கம். ஆந்தை, பாம்பு, பால்மரம் இலை கொட்டிய நாள், செம்பனையில் எலி கடித்த குலை, மழை, எல்லாம் இருக்கும். மொத்தம் 31 புத்தகங்கள். 2003, 2004 மட்டும் காணவில்லை. உயிரியல் படிக்கும் என் பேத்தி, "தாத்தா, இது டேட்டா இல்லை, வெறும் கதை" என்கிறாள். கரையான் அரிப்பதற்குள் யாரிடமாவது கொடுக்கலாமா, எரித்துவிடலாமா?

பதில்: ஐயா, முதலில் தீப்பெட்டியைத் தூர வையுங்கள். பேத்தி சொல்வதிலும் பாதி நியாயம் உண்டு. அதற்குப் பிறகு வருகிறேன். நீங்கள் கடிதத்தில் எடுத்தெழுதிய குறிப்புகளில் ஒன்றைப் பார்ப்போம்.

"22-11-94. 7ஆம் நம்பர் காடு, ஆந்தைப் பொட்டி. குஞ்சு 2. கீழே ரோம உருண்டை 9. பிரிச்சதில் எலித் தலை 13. காலை 7 மணி."

உங்கள் பெட்டி ஆந்தையான கூகை எலியை முழுசாக விழுங்கும். செரிக்காத எலும்பையும் ரோமத்தையும் உருண்டையாக்கிக் கக்கிவிடும். பெட்டிக்கு அடியில் கிடக்கும் அந்தக் கறுத்த உருண்டையைத் தண்ணீரில் ஊறவைத்துக் குச்சியால் பிரித்தால் உள்ளே மண்டையோடு, தாடை, மஞ்சள் பல் எல்லாம் அப்படியே இருக்கும். அதைத்தான் நீங்கள் செய்திருக்கிறீர்கள். பதின்மூன்று மண்டையோடு என்றால் குறைந்தது பதின்மூன்று எலி. இதில் ஊகத்துக்கே இடமில்லை. தேதி, இடம், நேரம், எண்ணிக்கை, எப்படி எண்ணினீர்கள் என்பது வரை ஒரே வரியில் இருக்கிறது. என்னிடம் படிக்கும் மாணவர்களிடம் இதை வாங்குவதற்கு ஒரு பருவம் முழுக்கக் கத்த வேண்டியிருக்கிறது.

மலேசியத் தீபகற்பத்தில் கூகை ஒரு காலத்தில் அரிதான பறவை. செம்பனை பரவி, எலி பெருகி, அது கூடு கட்டத் தோட்டங்கள் பெட்டி வைக்கத் தொடங்கிய பிறகுதான் பெருகியது. அது தின்பது ஏறக்குறைய முழுக்க எலிதான் என்று இந்த உருண்டைகளைப் பிரித்துத்தான் ஆய்வாளர்களும் கண்டுபிடித்தார்கள். சாக்குருவி என்று நம் பாட்டிமார் கல்லெடுத்து விரட்டிய பறவைக்கு நிர்வாகமே வீடு கட்டிக் கொடுத்த காலம் அது. உங்கள் தோட்டத்தில் முதல் பெட்டி எந்த மாதம் வந்தது, எத்தனை மாதம் காலியாகக் கிடந்தது, எலி மருந்தை எந்த ஆண்டு மாற்றினார்கள் என்பது உங்கள் புத்தகத்தில் இருந்தால், அது வேறெங்கும் இல்லாத தகவலாகக்கூட இருக்கலாம். மருந்து தின்ற எலியைத் தின்று கூகை சாவது இந்நாட்டுச் செம்பனைத் தோட்டங்களில் பதிவான விஷயம்.

"வெறும் பார்வைதானே, இதனால் என்ன ஆகும்?" என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது செம்பனைப் பூ வண்டின் கதை. இதில் எனக்குச் சொந்த விவகாரமும் உண்டு. என் அம்மா தெலுக் இந்தான் பக்கம் ஒரு தோட்டத்தில் பூவுக்குப் பவுடர் அடித்தவர். ஆண் பூவின் மகரந்தத்தை டால்கம் பவுடரோடு கலந்து, மரம் மரமாகப் போய்ப் பெண் பூவின் மேல் ஊத வேண்டும். பாடப்புத்தகமோ, செம்பனைக்குக் காற்றே மகரந்தம் சேர்க்கும் என்றது. "காத்தே போதும்னா எங்கள எதுக்குடா வேலைக்கு வச்சாங்க?" என்பார் அம்மா.

செம்பனை ஆப்பிரிக்க மரம். 1848இல் ஜாவாவின் போகோருக்கு வந்தவை நாலே நாலு கன்றுகள். நம் பக்கத்துச் செம்பனை பெரும்பாலும் அந்த வம்சம். மரம் வந்தது, அதன் பூச்சி வரவில்லை. இது தெரியாமலேயே 1917இல் கோலசிலாங்கூர் தென்னமாரம் தோட்டத்தில் வணிகச் சாகுபடி ஆரம்பித்துப் பல பத்தாண்டுகள் ஓடிவிட்டன. லெஸ்லி டேவிட்சன் என்ற தோட்டத்துரை கெமரூனில் வேலை பார்த்துவிட்டு சபாவுக்கு வந்தவர். கெமரூனில் ஆண் பூக்களில் குட்டி வண்டுகள் மொய்த்ததைப் பார்த்தவர், சபாவில் பூ வெறிச்சென்று இருந்ததையும், காய்ப்பிடிப்பு மோசமாக இருந்ததையும் பார்த்தார். அவர் பூச்சியியல் நிபுணர் இல்லை. பார்த்ததை விடாமல் சொல்லிக்கொண்டே இருந்தார், அவ்வளவுதான். கடைசியில் ரஹ்மான் சையத் என்ற பூச்சியியலாளரை கெமரூனுக்கு அனுப்பினார்கள். மகரந்தம் சேர்ப்பது பூச்சிதான் என்று அவர் சோதித்து நிறுவினார். 1981இல் அந்த வண்டு ஜொகூரில் விடப்பட்டது. கொஞ்ச காலத்திலேயே பவுடர் வேலை போயிற்று. அம்மாவை வேறு வேலைக்கு மாற்றினார்கள். வண்டின் மேல் அவருக்குக் கடைசி வரை லேசான கோபம்தான்.

நாளைக் காலை மலர்ந்த ஆண் பூவுக்குப் பக்கத்தில் போய் நின்று பாருங்கள். சோம்பு வாசனை அடிக்கும். அந்த வாசனைக்குத்தான் வண்டு வருகிறது.

டேவிட்சனின் பார்வை எதையும் நிரூபிக்கவில்லை என்பதையும் கவனியுங்கள். அது கேள்வியைக் கேட்டது. நிரூபித்தது சையத்தின் சோதனை. உங்கள் பேத்தி சொல்லும் நியாயம் இந்த இடத்தில்தான் இருக்கிறது. "மருந்து மாத்தினாங்க, அடுத்த வருசம் பொட்டி காலி" என்று நீங்கள் எழுதியிருந்தால், மருந்தால்தான் காலி என்று ஆகிவிடாது. அதே ஆண்டு மறுநடவுக்காக மரங்களைச் சாய்த்திருக்கலாம். பெட்டியில் தேனீ கூடு கட்டியிருக்கலாம்.

இன்னொரு சிக்கல் நீங்களேதான். பால்வெட்டாளராக இருந்தபோது விடியுமுன் நெற்றி விளக்கோடு காட்டுக்குள் இருந்தீர்கள். மண்டோர் ஆனதும் பெரட்டு (காலை ஆள் கணக்கெடுப்பு) முடிந்த பிறகே உள்ளே போயிருப்பீர்கள். அந்த ஆண்டிலிருந்து ஆந்தைக் குறிப்பு பாதியாகக் குறைந்தால், குறைந்தது ஆந்தையா, உங்கள் இருட்டு நேரமா? ஆராய்ச்சிக்காரர் முதலில் கேட்கப்போவது இதைத்தான்.

இந்தக் கேள்விக்குப் பதில் இருந்துவிட்டால் பழைய குறிப்பின் மதிப்பே வேறு. கலிபோர்னியாவில் ஜோசப் கிரின்னல் என்பவரின் குழு, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எங்கே எத்தனை பொறி வைத்தோம், என்ன விழுந்தது, என்ன விழவில்லை என்று நாள்தோறும் எழுதியது. இதன் உண்மையான மதிப்பு பல ஆண்டுகள் கழித்தே தெரியும் என்று அவரே 1910இல் எழுதினார். ஏறக்குறைய நூறாண்டு கழித்து அதே இடங்களுக்கு மறுபடி போனார்கள். யோசெமிட்டி மலையில், பார்த்த சிறு பாலூட்டிகளில் சுமார் பாதி இனங்கள் வாழும் எல்லை, சூடு கூடியதற்கேற்ப, மலையில் மேல்நோக்கி நகர்ந்திருந்தது. பொறிக் கணக்கு இல்லாமல் பிடிபட்ட எலியின் பெயரை மட்டும் எழுதியிருந்தால் இந்த ஒப்பீட்டை யாரும் நம்பியிருக்க மாட்டார்கள். சரி, அந்தக் கிரின்னலுக்கும் பருவநிலை மாற்றத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது. பிறகு வரப்போகும் கேள்வியைத் தெரிந்துகொண்டு யாரும் எழுதுவதில்லை.

இனி வேலைக்கு வருவோம். முதலில், வெயில் வெளிச்சத்தில் ஒவ்வொரு பக்கத்தையும் போனில் படம் எடுங்கள். அட்டை, வெற்றுப் பக்கம் உட்பட எல்லாம். பிழை திருத்தாதீர்கள், அழகாக வேறு நோட்டில் படி எடுக்காதீர்கள். 'இது கரிச்சான் இல்லை, வேறு குருவி' என்று இன்று தோன்றினால் தனித் தாளில், இன்றைய தேதி போட்டு எழுதுங்கள்.

இதைவிட அவசரம் புத்தகத்தில் இல்லாத விஷயம். புதிதாக ஒரு நோட்டு வாங்கி, 7ஆம் நம்பர் காடு என்பது இன்று எந்த இடம், எப்போது பால்மரம் அழிந்து செம்பனை ஆனது, மறுநடவு எந்த ஆண்டு, உங்கள் வேலை நேரம் எப்போதெல்லாம் மாறியது, "பச்சைப் பாம்பு" என்று நீங்கள் எழுதுவது எந்தப் பாம்பு என்பதையெல்லாம் எழுதுங்கள். முடிந்தால் பேத்தியை மோட்டாரில் ஏற்றிக்கொண்டு போய் ஒவ்வொரு இடத்தையும் போன் வரைபடத்தில் குறிக்கச் சொல்லுங்கள். "கோயில் பின்னாடி ஆத்தோரம்" எது என்று உங்களைத் தவிர வேறு யாருக்குத் தெரியும்? தொழிலாளர் குடியிருப்பான லயமே இடிக்கப்பட்ட இடங்கள் எத்தனை!

அப்புறம் பேத்திக்கும் வேலை உண்டு. தேதி, இடம், உயிரினம், எண்ணிக்கை, கண்ணால் கண்டதா, சத்தம் கேட்டதா, பிறர் சொன்னதா என்று கட்டம் போட்டுக் கணினியில் ஏற்றட்டும். கடைசிக் கட்டத்தில் உங்கள் வாசகத்தை ஒரு எழுத்து மாற்றாமல் போட வேண்டும். ஒரே ஒரு புத்தகத்தை முடித்தாலே அவள் "கதை" என்ற சொல்லைத் திரும்பப் பெறுவாள் என்று நினைக்கிறேன்.

பறவைக் குறிப்புகளை ஈபேர்ட் தளத்திலும், மற்றவற்றை ஐநேச்சுரலிஸ்ட் தளத்திலும் பழைய தேதியிலேயே பதியலாம். படம் இல்லாத பதிவுக்கு ஐநேச்சுரலிஸ்டில் மதிப்புக் குறைவு, இருந்தாலும் இருக்கட்டும். 1940இல் தொடங்கிய மலேசிய இயற்கைக் கழகத்தையும், பேத்தி படிக்கும் துறையின் விரிவுரையாளரையும் அணுகுங்கள். படங்களைக் கொடுங்கள், மூலத்தைக் கொடுக்காதீர்கள். பல வருடம் முன்பு ஒரு பெரியவர் தந்த நோட்டுகளை ஓர் அலுவலகம் இடம் மாறும்போது தொலைத்ததை நான் பார்த்திருக்கிறேன். பயன்படுத்துகிறவர் உங்கள் பெயரைக் குறிப்பிட வேண்டும் என்றும் முன்கூட்டியே கேளுங்கள். அது உரிமை, வெட்கப்பட ஒன்றுமில்லை. எறும்புத்தின்னியையும், பாட்டுக்குப் பேர்போன முராய் பத்து குருவியையும் கண்ட இடங்களை மட்டும் வெளியே விடாதீர்கள். பிடித்து விற்க ஆள் இருக்கிறது.

எழுதுவதையும் நிறுத்த வேண்டாம். வாரம் ஒரு நாள், ஒரே பாதை, ஒரே நேரம் போதும். எதுவும் தென்படாத நாளில் "ஒன்றும் இல்லை" என்று எழுதுங்கள், அதுவும் குறிப்புதான். குரங்குகளைக் கொஞ்சம் கவனியுங்கள். பேரோக் என்னும் குட்டைவால் குரங்கு பழம் திருடும் என்றுதான் தோட்டத்தில் எல்லோரும் விரட்டினோம். நம் பேராக்கிலேயே, செகாரிப் பக்கம், அவற்றைப் பின்தொடர்ந்து பார்த்தவர்கள் அவை எலியைப் பிடித்துத் தின்பதைக் கண்டார்கள். ஒரு கூட்டம் ஆண்டுக்குச் சுமார் 3,000 எலிகளைத் தின்னும் என்று 2019இல் வந்த ஆய்வு கணக்கிட்டது. அவை தின்னும் பழமோ விளைச்சலில் ஒரு விழுக்காடுகூட இல்லை. உங்கள் 31 புத்தகங்களில் குரங்கு வாயில் எலி எங்காவது இருக்கிறதா என்று தேடிப் பார்த்து எனக்கு எழுதுங்கள்.

காணாமல் போன இரண்டு ஆண்டுகளை நினைவிலிருந்து நிரப்பாதீர்கள். "புத்தகம் இல்லை" என்று மட்டும் எழுதி வையுங்கள். ஆனால் அதற்கு முன்பு, வீட்டில் மளிகைக்கடைக் கடன் கணக்கு எழுதிய பழைய 555 புத்தகங்கள் இருந்தால் அவற்றையும் புரட்டிப் பாருங்கள். அட்டை எல்லாம் ஒரே மாதிரிதானே, அரிசி பருப்புக்கு நடுவே ஆந்தை உட்கார்ந்திருக்கலாம்.