உபுண்டு இயங்குதளத்தின் 22.04 பதிப்பிலிருந்து 24.04-க்கு மாறலாமா? பழைய மடிக்கணினியில் புதிய வசதிகள் எப்படி இருக்கின்றன?

மாறலாம். ஆனால் அவசரம் ஒன்றும் இல்லை. 22.04-க்கு 2027 வரை பாதுகாப்புத் திருத்தங்கள் வரும், 24.04-க்கு 2029 வரை. 4 ஜிபி நினைவகம் உள்ள பழைய கணினி, தமிழில் தட்டச்சு செய்ய வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். ஏறத்தாழ அதே நிலைமையில் நான் பட்டதைச் சொல்கிறேன்.

நான் தஞ்சாவூர்ப் பக்கம். வேலை நிமித்தம் தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு வந்து பதினோரு ஆண்டுகள் ஆகின்றன. இங்கே சாட்ஸ்வொர்த்தில் ஒரு கோயில் மண்டபத்தில் சனிக்கிழமை காலையில் தமிழ் வகுப்பு நடக்கிறது. 1860-இல் சென்னையிலிருந்து முதல் கப்பல் வந்ததிலிருந்து கரும்புத் தோட்டங்களுக்கு வந்து சேர்ந்தவர்களின் ஐந்தாம், ஆறாம் தலைமுறைப் பிள்ளைகள் படிக்கிறார்கள். அவர்களுக்கு இலக்கணம் சொல்லித்தரும் புலமை எனக்கு இல்லை. ஆகவே வகுப்பின் மூன்று மடிக்கணினிகளைப் பார்த்துக்கொள்கிறேன். மூன்றும் நன்கொடையாக வந்தவை. இரண்டில் முன்பே 22.04 இருந்தது. மூன்றாவது விண்டோஸ் 10-உடன் வந்தது. அதற்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. ஏழாம் தலைமுறை இன்டெல் சில்லு என்பதால் விண்டோஸ் 11 அதை ஏற்காது. குப்பையில் போட மனமில்லாமல் கொடுத்திருக்கிறார்கள்.

முதல் கணினியை இருந்த இடத்திலேயே மேம்படுத்தினேன். வெள்ளிக்கிழமை இரவு வீட்டில் வைத்துத் தொடங்கி, முடியும்போது நள்ளிரவு தாண்டிவிட்டது. அதன் மின்கலம் செத்து நாளாகிறது. மின்வெட்டு அட்டவணையைப் பார்த்துச் சோறு வடித்த காலம் ஒன்று இங்கே உண்டு. அந்தப் பயம் இன்னும் போகவில்லை. அதனால் யுபிஎஸ்ஸில் செருகித்தான் தொடங்கினேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள். பாதியில் மின்சாரம் போனால் பிறகு நடப்பதற்கு எந்தக் கேள்வி பதிலும் உதவாது. இன்னொன்று: வெளியாரிடமிருந்து சேர்த்திருந்த மென்பொருள் மூலங்களை இந்த மேம்படுத்தல் அணைத்துவிடும். எதையெல்லாம் சேர்த்தீர்கள் என்று ஒரு தாளில் எழுதி வையுங்கள். நான் எழுதி வைக்கவில்லை.

மேம்படுத்தியதும் நான் முதலில் சோதித்தது புதிய வசதி எதையும் அல்ல. தமிழ்99 விசைப்பலகை வேலை செய்கிறதா என்பதைத்தான். அமைப்புகளில் விசைப்பலகைப் பகுதிக்குப் போய்த் தமிழைத் தேடினால் பல பெயர்கள் வரும். தமிழ்99 என்றே ஒன்றுக்கு மேல் இருக்கும். பெயரோடு எம்17என் என்ற குறிப்பு இருப்பதைத் தேர்ந்தெடுங்கள். அது பட்டியலிலேயே இல்லையென்றால் ஐபஸ் எம்17என் என்ற தட்டச்சுத் தொகுப்பை நிறுவி, ஒருமுறை வெளியேறி மீண்டும் உள்நுழைய வேண்டும். இதுதான் எழுத்துகளைச் சேர்த்துப் பார்த்து எழுதும் வகை. க அடித்து ஆ அடித்தால் கா. ஒரே மெய்யை இருமுறை அடித்தால் முதலாவதற்குத் தானே புள்ளி வைக்கும். ங-வுக்குப் பின் க அடித்தால் ங்க. ‘அம்மா’ என்று எழுத நான்கே தட்டல்: அ, ம, ம, ஆ. 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டை ஒட்டித் தமிழ்நாட்டு அரசு தரமாக ஏற்ற விசைப்பலகை இது. ஆங்கில எழுத்தில் அடித்தால் தமிழாக மாறும் ஒலிபெயர்ப்பு முறை எளிதல்லவா என்று கேட்பீர்கள். வீட்டில் ஆங்கிலமே பேசும் பிள்ளைகளுக்கு அது மேலும் ஆங்கிலத்தில் நினைக்கத்தான் கற்றுக்கொடுக்கிறது என்பது என் கட்சி. வகுப்பு ஆசிரியை இதை ஏற்கவில்லை. எனவே இரண்டையும் வைத்திருக்கிறோம். சூப்பர் விசையும் (விண்டோஸ் சின்னம் உள்ளது) இடைவெளி விசையும் சேர்த்து அழுத்தினால் மாறிக்கொள்ளும்.

புதியவற்றில் எனக்கு உண்மையிலேயே பயன்பட்டது, மேல் வலது மூலையில் திறக்கும் விரைவு அமைப்புகள். வைஃபை, இருண்ட தோற்றம், மின்சேமிப்பு, ஒலி எந்தக் கருவி வழியாக வர வேண்டும் என்பதெல்லாம் ஒரே பலகையில் பொத்தான்களாக இருக்கின்றன. முன்பு ஒலிபெருக்கியை மாற்ற அமைப்புகளுக்குள் நுழைய வேண்டும். அதற்குள் பிள்ளைகள் பாதிப் பேர் வெளியே ஓடிவிடுவார்கள். கோப்பு மேலாளரில், எந்தக் கோப்புறையில் இருக்கிறோம் என்று பாராமல் எல்லா இடத்திலும் தேடும் வசதி வந்திருக்கிறது. கோப்பை எங்கே சேமித்தோம் என்று எவருமே நினைவில் வைத்துக்கொள்ளாத வகுப்பில் இது பெரிய உபகாரம். அறிவிப்புகள் எந்தச் செயலியிலிருந்து வந்தன என்று பெயரோடு காட்டுகின்றன. நல்லதுதான், ஆனால் இதற்காக ஒருவர் மாற வேண்டியதில்லை. தொலைவிலிருந்து உள்நுழையும் வசதியை நான் தொடவில்லை. இடைமுகத்தைத் தமிழில் வைத்தால் பழைய பட்டியல்கள் தமிழிலும் புதியவை பல ஆங்கிலத்திலும் கலந்து வருகின்றன. பிள்ளைகள் அதைப் பார்த்து, ‘இது எங்களைப் போலவே பேசுகிறது’ என்றார்கள்.

விண்டோஸ் 10 கணினியில் புதிதாகவே நிறுவினேன். ஏறத்தாழ 6 ஜிபி இறக்க வேண்டும். கைப்பேசித் தரவில் செய்ய நினைக்காதீர்கள். நிறுவும் நிரல் முழுக்க மாறியிருக்கிறது. பார்க்க அழகு, கேள்விகளும் தெளிவு. அதில் ஓரிடத்தில் இயல்பான தேர்வா, விரிவான தேர்வா என்று கேட்கும். நான் படிக்காமல் அடுத்து, அடுத்து என்று சொடுக்கிக்கொண்டே போனேன். சனிக்கிழமை வகுப்பில் ஒரு பையன் கட்டுரை எழுத உட்கார்ந்தான். கட்டுரை எழுதும் மென்பொருளான லிப்ரே ஆபீஸே இல்லை. இயல்பான தேர்வில் உலாவியும் சில்லறைக் கருவிகளும்தான் வரும். குற்றம் முழுக்க என்னுடையது. மென்பொருள்களைத் தேடி நிறுவும் செயலி மையத்தையும் புதிதாக எழுதியிருக்கிறார்கள். 24.04 வெளியான தொடக்கத்தில் இணையத்திலிருந்து இறக்கிய டெப் கோப்பை (மென்பொருளை நிறுவும் கோப்பு) அதன் வழியாக நிறுவ முடியவில்லை, பிறகு சரிசெய்தார்கள். பழைய கட்டுரைகளில் அந்தப் புலம்பலைப் படித்துப் பயப்பட வேண்டாம்.

ஒரு சிறிய விலகல். உபுண்டு என்பது இந்த மண்ணின் சொல். இதைத் தொடங்கிய மார்க் ஷட்டில்வொர்த் தென்னாப்பிரிக்கர்; 2002-இல் விண்வெளிக்குப் போய் வந்தவர், 2004-இல் முதல் பதிப்பை வெளியிட்டார். மனிதத் தன்மை, மற்றவரால்தான் ஒருவர் மனிதராகிறார் என்ற பொருளில் ஜூலு, கோசா மொழிகளில் வழங்கும் சொல். நாம் ‘ண்டு’ என்று எழுதி மெலிதாக்கிவிடுகிறோம். கோயிலின் காவலாளி ஜூலுக்காரர். நான் சொல்லிக் கேட்டு ஒருமுறை திருத்தினார். ‘ன்ட்டு’ என்று வல்லெழுத்து வெடிக்க வேண்டுமாம். திரையில் தெரியும் பெயர் தன் மொழிச் சொல் என்பதில் அவருக்கு ஆச்சரியம் இல்லை. அதைத் தமிழ் வகுப்பில் பார்த்ததில்தான் ஆச்சரியம்.

இனி அவசரம் வேண்டாம் என்றதன் காரணம். வகுப்புக்குப் பிள்ளைகளோடு எழுபதைத் தாண்டிய ஒரு பெரியம்மாவும் வருகிறார். காவடித் திருவிழா அறிவிப்பைத் தன் கையால் தமிழில் தட்டச்சு செய்ய வேண்டும் என்பது அவருடைய ஆசை. மேல் இடது மூலையில் ‘செயல்பாடுகள்’ என்ற எழுத்தைச் சொடுக்கினால் எல்லாம் திறக்கும் என்று ஆறு வாரம் சொல்லிக்கொடுத்து மனத்தில் பதிய வைத்திருந்தேன். 24.04-இல் அந்த எழுத்தே இல்லை. அதற்குப் பதிலாக ஒரு சிறிய கோடும் புள்ளியும் இருக்கின்றன. சொடுக்கினால் அதே வேலையைத்தான் செய்கின்றன. ஆனால் படிக்க அங்கே எதுவும் இல்லை.

“தம்பி, இங்கே இருந்த பேரை யார் எடுத்தது?” என்று கேட்டார்.

புள்ளியைச் சொடுக்குங்கள் பெரியம்மா என்றேன். புள்ளி எதற்கு, பேர் இருந்ததே என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. வடிவமைத்தவர்களிடம் இருக்கலாம்.

உங்கள் கணினியை நீங்கள் மட்டும் பயன்படுத்துகிறீர்கள் என்றால் கோப்புகளை நகலெடுத்து வைத்துக்கொண்டு தயங்காமல் மாறுங்கள். 4 ஜிபி போதும். உலாவியில் தாவல்களை மட்டும் அளவாகத் திறங்கள். வீட்டுப் பெரியவர்களும் அதே கணினியில் உட்கார்கிறார்கள் என்றால் முதலில் அவர்களுக்கு ஒரு வாரம் காட்டிவிட்டு முடிவு செய்யுங்கள். எங்கள் மூன்றில் ஒன்று இன்னும் 22.04-இல்தான் இருக்கிறது. பெரியம்மா சனிக்கிழமைகளில் எல்லோருக்கும் முன்பே வந்து, அதன் மேல் தன் கைப்பையை வைத்துவிட்டுத்தான் சாமி கும்பிடப் போகிறார்.