மதிப்பாய்வுக்கே போகாமல் திரும்பி வரும் கட்டுரை: எங்கிருந்து திருத்துவது?

கேள்வி: என் முனைவர் பட்ட ஆய்வேட்டின் ஓர் அத்தியாயத்தைக் கட்டுரையாக்கி இரண்டு ஆய்விதழ்களுக்கு அடுத்தடுத்து அனுப்பினேன். ஒன்று ஐந்தே நாளில் திரும்பியது, மற்றொன்று ஒரு வாரத்தில். மதிப்பாய்வாளர்களுக்கு அனுப்பவே இல்லை. ‘எங்கள் இதழின் பரப்புக்குப் பொருந்தவில்லை’ என்ற ஒற்றை வரிதான் பதில். இரவுப் பணி பார்க்கும் செவிலியர்களின் தூக்கம் பற்றிய ஆய்வு. 9,000 சொற்கள், 74 மேற்கோள்கள். தலைப்பையும் சுருக்கத்தையும் இணைத்திருக்கிறேன். எதைத் திருத்த வேண்டும்? நேரத்தை மிச்சப்படுத்த இனி இரண்டு மூன்று இதழ்களுக்கு ஒரே சமயத்தில் அனுப்பலாமா?

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். அனுப்பக் கூடாது. ‘இந்தக் கட்டுரை வேறெங்கும் பரிசீலனையில் இல்லை’ என்று உறுதி கொடுத்துத்தான் ஒவ்வோர் இதழிலும் சமர்ப்பிக்கிறீர்கள். ஒரு துறையில் மதிப்பாய்வு செய்கிறவர்கள் வட்டம் சிறியது. ஒரே கட்டுரை இரண்டு இதழ்களிலிருந்து ஒரே ஆளிடம் போய்ச் சேர்ந்தால் இரண்டு கதவும் மூடிவிடும்.

சரி, ஐந்து நாள் விஷயத்துக்கு வருவோம். அவ்வளவு சீக்கிரம் திரும்பிய கட்டுரையை யாரும் முழுதாகப் படித்திருக்க மாட்டார்கள். இதழாசிரியர் தலைப்பைப் பார்த்திருப்பார், சுருக்கத்தைப் படித்திருப்பார், கட்டுரையோடு அவருக்கு அனுப்பும் முகப்புக் கடிதத்திலும் அட்டவணைகளிலும் கண்ணை ஓட்டியிருப்பார். அதனால் தரவை மறுபடி அலசிப் பார்க்கும் வேலையை இப்போதைக்குத் தள்ளி வையுங்கள். திருத்தம் முதல் பக்கத்திலிருந்து தொடங்கட்டும்.

உங்கள் தலைப்பு: ‘செவிலியர்களின் தூக்கத்தில் இரவுப் பணியின் தாக்கம்: ஓர் ஆய்வு’. இதில் இரண்டு சிக்கல். ‘ஓர் ஆய்வு’ என்பது எதையும் சொல்லவில்லை. ஆய்விதழுக்கு வேறென்ன வரும்? பெரிய சிக்கல் ‘தாக்கம்’. ஒரே முறை வினாத்தாள் கொடுத்துத் தரவு திரட்டியிருக்கிறீர்கள். அதை வைத்து இரவுப் பணியும் தூக்கக் குறைவும் சேர்ந்து காணப்படுகின்றன என்று சொல்லலாம். முன்னது பின்னதை உண்டாக்கியது என்று சொல்ல முடியாது. ஏற்கெனவே சரியாகத் தூங்காதவர்கள் இரவுப் பணியைக் கேட்டு வாங்கியிருந்தால்? விவரமறிந்த இதழாசிரியர் அந்த ஒரு சொல்லிலேயே நின்றுவிடுவார். ‘மாதத்தில் பார்க்கும் இரவுப் பணிகளின் எண்ணிக்கையும் தூக்கத்தின் தரமும்: மருத்துவமனைச் செவிலியர்களிடம் ஒரு குறுக்குவெட்டு ஆய்வு’ என்று வைத்துப் பாருங்கள். குறுக்குவெட்டு என்றால் உங்களைப் போல ஒரே முறை மட்டும் தரவு திரட்டுவது. தலைப்பு நீளம்தான். ஆனால் எதை எதோடு, யாரிடம், எந்த முறையில் பார்த்தீர்கள் என்பது தலைப்பிலேயே வந்துவிடுகிறது. ‘தாக்கம்’, ‘விளைவு’, ‘காரணம்’ ஆகிய சொற்களைக் கட்டுரை முழுக்கத் தேடிப் பார்த்து, ஒவ்வோர் இடத்திலும் அவற்றுக்கு ஆதாரம் இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

சுருக்கத்தின் கடைசி வாக்கியம், ‘முடிவுகள் விரிவாக விவாதிக்கப்படுகின்றன’. எடுத்துவிடுங்கள். அந்த இடத்தில் உங்கள் முக்கியமான கண்டுபிடிப்பு, அதன் அளவோடும் நம்பிக்கை இடைவெளியோடும் (அந்த அளவு எவ்வளவு துல்லியமானது என்று காட்டும் கீழ், மேல் எல்லைகள்) உட்கார வேண்டும். சுருக்கத்தைக் கடைசியாக எழுதுவது நல்லது. எழுதியபின் அதிலுள்ள ஒவ்வோர் எண்ணையும் அட்டவணையோடு ஒப்பிடுங்கள். சுருக்கத்தில் 212 பேர், முதல் அட்டவணையில் 208 பேர் என்று வரும் கட்டுரைகள் என் மேசைக்கு வந்துகொண்டேதான் இருக்கின்றன. நான்கு பேர் வினாத்தாளை முடிக்காமல் விட்டிருப்பார்கள், அவ்வளவுதான். ஆனால் அதைச் சொல்லாமல் விட்டால் மற்ற எண்கள் மீதும் சந்தேகம் வந்துவிடும்.

அப்புறம் நீளம். ஆய்வேடு தேர்வாளருக்காக எழுதப்படுவது. ‘நான் எல்லாவற்றையும் படித்திருக்கிறேன்’ என்று அதில் காட்டியாக வேண்டும். இதழின் வாசகருக்கு அது வேண்டாம். செவிலியர், மருத்துவத் துறை இதழ்கள் பலவும் 3,000 முதல் 5,000 சொற்களுக்குள் கேட்கின்றன. முன்னுரைக்கு மூன்று நான்கு பத்திகள் போதும்: இதுவரை தெரிந்தது என்ன, தெரியாதது எது, அதில் நீங்கள் எதைப் பார்த்தீர்கள். முந்தைய ஆய்வுகளை வரிசையாகச் சொல்லிக்கொண்டு போகும் பக்கங்கள் போகட்டும். மனசு கேட்காது, தெரியும். வெட்டியதை ஒரு தனிக் கோப்பில் போட்டு வையுங்கள். அதை நீங்கள் திரும்பத் திறக்கப் போவதில்லை. ஆனால் வெட்டும்போது கை நடுங்காது. ஆய்வு முறைப் பகுதியை மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். இன்னொருவர் அதைப் படித்து அதே ஆய்வைச் செய்ய முடிய வேண்டும். உங்களுடையது போன்ற நோக்காய்வுகளுக்கு (எதையும் மாற்றாமல், இருப்பதைக் கவனித்துப் பதிவு செய்பவை) ‘ஸ்ட்ரோப்’ என்ற 22 அம்சச் சரிபார்ப்புப் பட்டியல் இருக்கிறது. அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றும் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று குறித்துவாருங்கள். விடுபட்டவை தாமாகவே தெரியும்.

அட்டவணையில் ‘பி = 0.000’ என்று இருந்தால் மாற்றுங்கள். பி என்பது, உண்மையில் தொடர்பே இல்லாதபோதும் இப்படியொரு முடிவு தற்செயலாக வருவதற்கான நிகழ்தகவு. எஸ்பிஎஸ்எஸ் என்ற புள்ளியியல் மென்பொருள் மூன்று தசமத்தோடு நிறுத்திக்கொள்வதால் அப்படிக் காட்டுகிறது. நிகழ்தகவு சரியாகப் பூஜ்யம் ஆகிவிடவில்லை. ‘0.001-ஐ விடக் குறைவு’ என்பதே சரி. சின்ன விஷயம்தான், ஆனால் மென்பொருள் துப்பியதை அப்படியே ஒட்டியவர் என்று காட்டிக்கொடுத்துவிடும்.

‘பரப்புக்குப் பொருந்தவில்லை’ என்பது சில நேரம் மரியாதைக்குச் சொல்வது, சில நேரம் உண்மை. கண்டுபிடிக்க ஒரு வழி: உங்கள் 74 மேற்கோள்களில் எந்த இதழ் திரும்பத் திரும்ப வருகிறது என்று எண்ணுங்கள். உங்களோடு பேசிக்கொண்டிருக்கும் ஆட்கள் அங்கேதான் இருக்கிறார்கள். நீங்கள் அனுப்பிய இதழ் பட்டியலில் ஒருமுறைகூட வரவில்லை என்றால் அதன் வாசகர்கள் வேறு ஆட்கள். அதற்காக அந்த இதழின் கட்டுரை நான்கைச் செருகிச் சமாளிக்க வேண்டாம், அது பளிச்சென்று தெரியும். ‘ஒரே வாரத்தில் வெளியிடுகிறோம், பணம் மட்டும் கட்டுங்கள்’ என்று மின்னஞ்சல் அனுப்பும் இதழ்கள் பக்கமே போகாதீர்கள். இரண்டு முறை திரும்பி வந்த மனநிலையில்தான் அந்த வலை கவர்ச்சியாகத் தெரியும்.

முகப்புக் கடிதம் அரைப் பக்கம் போதும். கேள்வி என்ன, கிடைத்த விடை என்ன, இந்த இதழின் வாசகருக்கு அது ஏன் வேண்டும். இதே கடிதத்தில், கட்டுரை ஆய்வேட்டிலிருந்து எடுக்கப்பட்டது என்பதையும் சொல்லிவிடுங்கள். ஆய்வேடு இணையக் களஞ்சியத்தில் ஏற்றப்பட்டிருந்தால், இதழின் ஒப்புமை மென்பொருள் அதைத் தேடிப் பிடித்துப் பெரிய சதவீதம் காட்டும். முன்கூட்டியே சொன்னால் பல இதழ்கள் ஏற்கின்றன. அவர்களாகக் கண்டுபிடித்தால் விளக்கம் கேட்டுக் கடிதம் வரும்.

கட்டுரையாளர் பட்டியலை அனுப்புவதற்கு முன்பே முடிவு செய்யுங்கள். மருத்துவ ஆய்விதழ் ஆசிரியர்களின் சர்வதேசக் குழு நான்கு நிபந்தனைகள் வைக்கிறது: ஆய்வில் கணிசமான பங்கு, எழுதியதிலோ திருத்தியதிலோ பங்கு, இறுதி வடிவத்துக்கு ஒப்புதல், உள்ளடக்கத்துக்குப் பொறுப்பு. நான்கும் இருந்தால்தான் பெயர். வினாத்தாளை விநியோகித்து மட்டும் உதவியவருக்கு நன்றியுரையில் இடம் உண்டு. செயற்கை நுண்ணறிவுக் கருவி பொறுப்பேற்க முடியாது என்பதால் அது கட்டுரையாளர் ஆகாது. பயன்படுத்தியிருந்தால் இதழ் கேட்கும் இடத்தில் சொல்ல வேண்டும்.

பெயர் மறைத்து மதிப்பாய்வு செய்யும் இதழ் என்றால் முதல் பக்கத்தில் பெயரை நீக்கினால் போதாது. வேர்டு கோப்பின் பண்புகளில் உங்கள் பெயர் இருக்கும். ‘எங்கள் முந்தைய ஆய்வில் காட்டியபடி’ என்று எழுதியிருப்பீர்கள். நன்றியுரையும் நெறிமுறைக் குழு அனுமதி விவரமும் நிறுவனத்தைச் சொல்லிவிடும். அவற்றைத் தனிக் கோப்பாகக் கேட்கிறார்களா என்று வழிகாட்டியில் பாருங்கள்.

எல்லாக் கோப்புகளையும் ஏற்றியபின் இதழின் தளம் ஒரு பிடிஎஃப் உருவாக்கி ‘ஒப்புதல் தருக’ என்று கேட்கும். களைப்பில் அப்படியே அழுத்திவிடாதீர்கள். ஒரு டீ குடித்துவிட்டு வந்து முதலிலிருந்து கடைசிவரை புரட்டுங்கள். இரண்டாம் வரைபடம் தலைகீழாகத் திரும்பியிருக்கும், அல்லது பீட்டா குறி வரவேண்டிய இடத்தில் வெற்றுச் சதுரம் இருக்கும், அல்லது பழைய கோப்பையே ஏற்றியிருப்பீர்கள். மதிப்பாய்வாளர் கைக்குப் போவது அந்தப் பிடிஎஃப்தான்.