தேசித் தளிரில் வெள்ளிக் கோடுகள்: எந்த அந்துப்பூச்சியின் வேலை?

கேள்வி: எங்கள் மாடி வீட்டுப் பல்கனியில் பெரிய சாடி ஒன்றில் தேசி மரம் வளர்க்கிறேன். மழைக்குப் பின் வந்த தளிர்களில் நத்தை ஊர்ந்ததுபோல வெள்ளிக் கோடுகள் விழுந்து, இலைகள் சுருண்டுவிட்டன. இரவில் சமையலறை விளக்கைச் சுற்றி அரை அங்குல நீளமான, சாம்பல் கலந்த மண்ணிற அந்துப்பூச்சிகள் பறக்கின்றன. இவைதான் காரணமா? எந்த மருந்தை அடிக்கலாம்?
– வாசகி, வெள்ளவத்தை

பதில்: விளக்கடியில் நீங்கள் காணும் பூச்சிகள் காரணமல்ல. தேசி இலையில் கோடு போடுவதும் ஓர் அந்துப்பூச்சியின் புழுதான். ஆனால் அந்தப் பூச்சி இறக்கைகளை முழுதாக விரித்தாலும் நுனிக்கு நுனி சுமார் 4 முதல் 5 மில்லிமீற்றர்தான் இருக்கும். நீங்கள் எழுதியிருக்கும் அளவும் நிறமும் அரிசியிலும் மாவிலும் உண்டாகும் அந்துப்பூச்சிக்கே பொருந்துவதால், மரத்தை விட்டுவிட்டு முதலில் அரிசி வாளியைத் திறந்து பாருங்கள்.

தேசியைத் தாக்குவது ஃபில்லோக்னிஸ்டிஸ் சிட்ரெல்லா என்னும் இலைச் சுரங்கப் பூச்சியாகும். கல்கத்தாவிலிருந்து கிடைத்த மாதிரிகளைக் கொண்டு 1856இல் ஸ்டெயின்டன் என்ற ஆங்கிலேயப் பூச்சியியலாளர் இதனை விபரித்தார். தேசி, தோடை, நாரத்தை முதலிய ஒரே குடும்பத்து மரங்களே இதன் உணவு. வெள்ளி கலந்த வெண்ணிற முன்னிறக்கைகளில் கருமையான கோடுகளும், ஒவ்வோர் இறக்கை நுனியிலும் ஒரு கரும்புள்ளியும், பின்னிறக்கைகளின் ஓரத்தில் நீண்ட மயிர்களும் இருக்கும். கைவில்லை இல்லாமல் இவற்றைப் பார்ப்பது கடினம். அந்தி முதல் அதிகாலை வரையே இது நடமாடுவதால், பல ஆண்டுகள் தேசி வளர்த்தவர்கள்கூட இதைக் கண்டிருக்க மாட்டார்கள்.

ஆகவே பூச்சியைத் தேடாமல் இலையைப் படிப்பதே நல்லது. தாய்ப்பூச்சி இளந்தளிரில் தனித்தனியாக முட்டையிடுகிறது. முட்டையிலிருந்து வெளிவரும் புழு நேரே இலைத் தோலுக்கடியில் புகுந்து, மேல்தோற் கலங்களின் சாற்றைக் குடித்தபடி வளைந்து வளைந்து செல்கிறது. அதன் கழிவு பாதையின் நடுவில் மெல்லிய கரிய கோடாகத் தொடர்ந்து விழுந்திருக்கும். வெள்ளிப் பாதைக்குள் அந்த நடுக்கோடு தெரிந்தால் ஐயப்படத் தேவையில்லை. தக்காளி, அவரை இலைகளில் காணும் வெண்கோடுகளும் பார்வைக்கு இதைப் போலவே தோன்றினாலும், அவற்றை உண்டாக்குவது ஒருவகைச் சிறு ஈயின் புழு. தேசி இலைக்குள் வளர்ந்த புழு இலை ஓரத்தைத் தன்மேல் மடித்துக்கொண்டு அதற்குள் கூட்டுப்புழுவாகிறது. முட்டை முதல் பூச்சி வரையான காலம் வெப்பத்தைப் பொறுத்து 13 நாள் முதல் 52 நாள் வரை மாறும். சூடான இடங்களில் இது விரைவாகவே முடிந்துவிடும்.

இன்னும் உறுதி வேண்டுமானால், ஓரம் மடிந்த இலைகள் சிலவற்றைக் காம்போடு கிள்ளி, சற்று ஈரமான கடதாசித் துண்டுடன் ஜாம் போத்தலில் இட்டு, வாயை மெல்லிய துணியால் கட்டி நிழலில் வையுங்கள். சில நாட்களில் வெள்ளி நிறப் பூச்சி வெளிவரலாம். அதற்குப் பதிலாக மிகச் சிறிய குளவி வெளிவந்தால் மகிழ்ச்சி அடையுங்கள். அது இந்தப் புழுவைத் தின்று வளரும் ஒட்டுண்ணிக் குளவி. 1993இல் புளோரிடாவின் தோடைத் தோட்டங்களுக்குள் இந்த அந்துப்பூச்சி நுழைந்தபோது, அங்குள்ள ஆய்வாளர்கள் அடுத்த ஆண்டே அத்தகைய குளவி ஒன்றை வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து விட்டார்கள். உங்கள் பல்கனியில் அது தானாகவே வந்திருக்கக்கூடும். கண்டதற்கெல்லாம் நாசினி அடிப்பதை நான் எதிர்ப்பது இதனால்தான்: இலைத் தோலுக்குள் இருக்கும் புழுவை மேற்பூச்சு மருந்து எளிதில் எட்டாது, வெளியே திரியும் குளவியோ முதலில் சாகும்.

வளர்ந்த மரம் இந்தச் சேதத்தைத் தாங்கும். முற்றிய இலைகளையும் புழு தொடாது. சுருண்ட இலைகளை முழுவதும் கத்தரிக்காதீர்கள். பச்சையாக எஞ்சிய பகுதி மரத்துக்கு இன்னும் உணவு தயாரிக்கிறது, அத்துடன் வெட்டிய இடத்தில் தோன்றும் புதுத்தளிர் பூச்சியை மீண்டும் அழைக்கும். யூரியா உரமும் புதுத்தளிரைத் தூண்டுவதால் அதையும் குறைத்துக்கொள்ளுங்கள். சிறு கன்றானால் மட்டும், தளிர் விரியத் தொடங்கும்போதே வேப்பெண்ணெய்க் கரைசலை மாலையில் இலையின் இருபுறமும் தெளிக்கலாம். இலையிலும் காயிலும் தக்கை போன்ற சொறிப் புள்ளிகள் தோன்றுகின்றனவா என்பதைக் கவனியுங்கள். புழு கிழித்த தோலின் வழியே சொறி நோய்ப் பக்ரீறியா இலகுவாக நுழையும். அப்படித் தோன்றினால் விவசாயத் திணைக்களத்தின் 1920 என்ற ஆலோசனை இலக்கத்தை அழையுங்கள்.

கேள்வி: எங்கள் தேசிக் கன்றின் இலைகளில் கோடு எதுவும் இல்லை, ஓரத்திலிருந்து பெரிது பெரிதாகக் கடிக்கப்பட்டுள்ளன. இதுவும் அதே புழுவா?
– வாசகர், கொட்டாஞ்சேனை

பதில்: இல்லை. இது தேசி வண்ணத்துப்பூச்சியின் புழு. இளமையில் பறவை எச்சம் போன்ற நிறத்திலும் பின்னர் பச்சையாகவும் இருக்கும். தொட்டால் தலைக்குப் பின்னால் செம்மஞ்சள் நிறக் கொம்பு இரண்டை நீட்டி நாற்றம் வீசும். கன்று சிறிதானால் கையால் பொறுக்கி அகற்றினாலே போதும்.