தைவானில் கிளம்பி ஈஸ்டர் தீவு வரை: ஆஸ்திரோனேசியர் பற்றிக் கேள்வி பதில்

ஆஸ்திரோனேசிய மக்களைப் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்துவிட்டுப் பதில் எழுதுகிறேன்.

சென்னையிலிருந்து: ஆஸ்திரோனேசியர் என்பது ஓர் இனமா?

முதலில் அது ஒரு மொழிக் குடும்பத்தின் பெயர். மலாய், ஜாவா, தகாலோக், மலகாசி, ஹவாய், மாவோரி என்று சுமார் 1,200 மொழிகள். மேற்கே மடகாஸ்கர், கிழக்கே ஈஸ்டர் தீவு, வடக்கே தைவான், தெற்கே நியூசிலாந்து. இனம் என்று எடுத்துக்கொண்டால் பசிபிக் தீவு நாடான வனுவாட்டுவிலேயே கணக்கு இடித்துவிடும். அங்கே கிடைத்த சுமார் 3,000 ஆண்டுப் பழைய எலும்புகளின் மரபணு, தைவான் பழங்குடிகளோடும் பிலிப்பைன்ஸ் மக்களோடும் நெருங்கி நிற்கிறது. இன்று அங்கே வாழ்பவர்களிடம் பெரும்பங்கு பாப்புவா வழி, அதாவது நியூகினிப் பக்கத்துப் பழைய மக்களின் வழி. ஆள் மாறியும் மொழி மாறவில்லை.

பினாங்கிலிருந்து: எங்கள் வீட்டில் தமிழ், வெளியே மலாய். ஒரு மாவோரி வீடியோவில் "ருவா", "ரிமா" என்று எண்ணினார்கள். மலாயில் "டுவா", "லிமா". தற்செயலா?

இல்லை, உறவுதான். மடகாஸ்கரில் கேட்டால் "ரூவா", "டிமி" என்பார்கள். தகாலோக்கிலும் ஹவாயிலும் ஐந்துக்கு "லிமா"தான். எண்களைக் கடன் வாங்கியிருக்கலாமே என்று சந்தேகம் வரும். ஆனால் கண், வானம், நெருப்பு, பேன் வரைக்கும் இந்த ஒற்றுமை நீள்கிறது. பேனுக்கு யாரும் கடன் சொல் வாங்குவதில்லை.

1769இல் தஹிட்டியில் கேப்டன் குக்கின் கப்பலில் துபாயா என்ற பாலினேசிய (நடு, கிழக்குப் பசிபிக் தீவுகளைச் சேர்ந்த) மாலுமி ஏறினார். நியூசிலாந்தில் இறங்கியதும் அவர் பேசியது மாவோரிகளுக்குப் புரிந்தது. இரண்டு ஊருக்கும் நடுவே 4,000 கிலோமீட்டர் கடல்.

கொழும்பிலிருந்து: தாயகம் தைவான் என்று எப்படிச் சொல்கிறார்கள்?

ஒரு குடும்பத்தின் பத்து வகையறாவில் ஒன்பது ஒரே ஊரில் இருந்து, மிச்சம் ஒன்று மட்டும் உலகமெல்லாம் பரவியிருந்தால் பூர்வீகம் எது என்று கேட்கவா வேண்டும்? மொழியியலாளர் ராபர்ட் பிளஸ்ட்டின் பகுப்பும் அப்படித்தான்: மூலக் கிளைகள் பத்து, அதில் ஒன்பது தைவானுக்குள். வெளியே உள்ள அத்தனை மொழிகளும் பத்தாவது கிளை.

செடியும் சாட்சி சொல்கிறது. பசிபிக் தீவுகளில் மரப்பட்டையை அடித்துத் துணி செய்வார்கள். அதற்கான காகித மல்பெரி தானாகப் பரவாது, கம்பு வெட்டிக் கொண்டுபோய் நட வேண்டும். அதன் மரபணுவைத் தொடர்ந்து போனால் தெற்குத் தைவானில் நிற்கிறது.

காலக்கணக்கு: பிலிப்பைன்ஸ் சுமார் 4,000 ஆண்டுகளுக்கு முன், டோங்காவும் சமோவாவும் 2,800 ஆண்டுகளை ஒட்டி. அப்புறம் நீண்ட இடைவெளி. அதன் பின்தான் தஹிட்டி, ஹவாய். நியூசிலாந்து 13ஆம் நூற்றாண்டில். இங்கே பாண்டியர் ஆண்டுகொண்டிருந்த காலம்.

குளச்சலிலிருந்து: நான் கடல் தொழில் செய்பவன். எதிர்க்காற்றில் அவ்வளவு தூரம் எப்படிப் போனார்கள்?

உங்களிடமிருந்துதான் இந்தக் கேள்வி வரும் என்று நினைத்தேன். அங்கே பெரும்பாலும் வீசுவது கிழக்கிலிருந்து வரும் காற்று, உங்கள் பாஷையில் கொண்டல். அவ்வப்போது சில நாள் மேல்காற்று அடிக்கும். அப்போது பாய் விரித்துக் கிழக்கே போவார்கள். தீவு கிடைக்கவில்லையா, கொண்டல் திரும்பியதும் அதே காற்று வீட்டில் கொண்டுவந்து விடும். எதிர்க்காற்றுத் திசையில் தேடுவதுதான் உயிருக்குப் பாதுகாப்பு. சும்மா அடித்துச் செல்லப்பட்டவர்கள் என்றால் மேற்கே போயிருப்பார்கள்.

படகைப் பாருங்கள். பலகைகளில் ஆணி கிடையாது, துளையிட்டுத் தேங்காய் நார்க் கயிற்றால் தைத்தது. அலை அடித்தால் உடையாமல் நெளிந்து கொடுக்கும். ஒரு பக்கம் கைமரம் நீட்டி மிதவைக் கட்டை கட்டியிருக்கும். நீர்கொழும்பில் சிங்கள மீனவர்களின் "ஒருவ" படகில் பார்த்திருப்பீர்கள். பிலிப்பைன்ஸுக்குக் கிழக்கே உள்ள மைக்ரோனேசியத் தீவுகளில் அந்த மிதவை எப்போதும் காற்று வரும் பக்கமே நிற்க வேண்டும். திசை மாற்றப் படகைத் திருப்புவதில்லை. பாயின் அடி முனையைத் தூக்கிக்கொண்டு மறுகோடிக்கு நடப்பார்கள், சுக்கானும் கூடவே இடம் மாறும். பின்புறம் அணியமாகிவிடும், அதாவது முன்புறமாகிவிடும்.

வழிக்கு நட்சத்திரம். எந்த விண்மீன் எங்கே உதிக்கும், எங்கே அடையும் என்பது மனப்பாடம். பகலில் அலையின் வாட்டம், மாலையில் கரை திரும்பும் பறவை. 1976இல் மைக்ரோனேசியாவின் சதவால் தீவைச் சேர்ந்த மாவ் பியாய்லுக், "ஹோகுலேயா" என்ற இரட்டை ஓடத்தைத் திசைகாட்டிகூட இல்லாமல் ஹவாயிலிருந்து தஹிட்டிக்கு ஒரு மாதத்துக்குச் சற்றுக் கூடுதலான நாட்களில் கொண்டுபோய்ச் சேர்த்தார்.

கோவையிலிருந்து: பாலினேசியர் தென் அமெரிக்காவிலிருந்து வந்தவர்கள் என்று கோன்-டிக்கி பயணம் நிரூபித்ததே?

1947இல் தோர் ஹெயர்தால் நிரூபித்தது, பெருவிலிருந்து கட்டுமரம் மிதந்து வர முடியும் என்பதை. மக்கள் வந்தது மேற்கிலிருந்துதான். ஆனால் அமெரிக்கத் தொடர்பே இல்லை என்றும் சொல்ல முடியாது. பாலினேசியர் பயிரிட்ட சர்க்கரைவள்ளிக் கிழங்கு தென் அமெரிக்கச் சரக்கு. 2020இல் வந்த மரபணு ஆய்வும் 1200ஆம் ஆண்டை ஒட்டி இரு தரப்பும் கலந்ததைக் காட்டுகிறது. இவர்களே போய் வந்திருப்பார்கள் என்பது என் கணிப்பு.

மதுரையிலிருந்து: மடகாஸ்கரும் நம்மோடு சேர்ந்தது, லெமூரியாவின் மிச்சம் என்கிறார்களே?

லெமூரியா என்ற பெயரை 1864இல் வைத்தவர் பிலிப் ஸ்கிளேட்டர் என்ற விலங்கியலாளர். தேவாங்கு மாதிரியான லெமூர் விலங்குகளின் பரவலை விளக்க அவருக்கு ஒரு கண்டம் தேவைப்பட்டது. கண்டங்களே நகர்கின்றன என்று தெரிந்ததும் அந்தத் தேவை போய்விட்டது.

மலகாசி மொழிக்கு மிக நெருங்கிய உறவு போர்னியோவின் பாரிட்டோ ஆற்றங்கரையில் பேசும் மஅன்யான். இந்தியப் பெருங்கடலைக் கடந்து வந்தார்கள். 2012 ஆய்வொன்றின்படி, குடியேறிய ஆசிய வழித் தாய்மார் ஏறத்தாழ 30 பேர்தான்.

நமக்குத் தொடர்பு வேண்டுமென்றால் தென்னையில் தேடுங்கள். உலகத் தென்னை மரபணுவில் இரண்டு பெரும் பிரிவு, ஒன்று பசிபிக், மற்றொன்று தென்னிந்தியாவையும் இலங்கையையும் ஒட்டியது. மடகாஸ்கர் பக்கத்தில் இரண்டும் கலந்து நிற்கின்றன.

சிங்கப்பூரிலிருந்து: நியூசிலாந்தில் தமிழ் மணி கிடைத்ததே, அது?

உண்மை. 1830களில் வில்லியம் கொலென்ஸோ என்ற மிஷனரி பார்த்தபோது, மாவோரிகள் அந்த வெண்கல மணியில் கிழங்கு வேகவைத்துக்கொண்டிருந்தார்கள். மொய்தீன் பக்ஷ் என்பவரின் கப்பல் மணி என்று தமிழில் பொறித்திருக்கிறது. அதை வைத்துத் தமிழர் அங்கே குடியேறினார்கள் என்று கட்ட முடியாது. ஆளில்லாமல் மிதந்த கப்பலாக இருக்கலாம், கைமாறி வந்ததாகவும் இருக்கலாம். வெலிங்டன் போனால் தே பாப்பா அருங்காட்சியகத்தில் கேட்டுப் பாருங்கள், அங்கேதான் இருக்கிறது.