ராயபுரத்துல இருந்து ஒரு ஒயின் சந்தேகம்

கேள்வி: அண்ணே, பிரெண்ட் வீட்டு பார்ட்டில ஒயின் குடிச்சேன், புடிச்சிருச்சு. சம்பளம் கம்மி, எதுல ஆரம்பிக்கலாம்?
- ராயபுரம் வாசகர்

பதில்: வயசு 21 ஆயிடுச்சுல்ல தம்பி? அப்ப மேல படி. வெளிநாட்டு பாட்டில் பக்கமே போகாத, இறக்குமதி வரியே ஏகப்பட்டது, நாசிக்லயும் பெங்களூர் பக்கத்துல நந்தி மலையிலயும் நல்லாவே போடுறாங்க. மொதல்ல செனின் பிளாங்க்னு ஒரு வெள்ளை ஒயின் எடு, சில்லுனு வச்சு காசிமேட்டு வஞ்சிரம் வறுவலோட ஒரு வாய் குடிச்சுப் பாரு, எலுமிச்சை புழியுற வேலைய அந்தப் புளிப்பே பாத்துக்கும்.

சிவப்புல ஷிராஸ். திராட்சைத் தோலோட ஊறுறதால வாழைப்பூ மாதிரி துவர்க்கும், டானின்னு சொல்வாங்க, பழகணும். ரூம் டெம்பரேச்சர்ல குடின்னு எவனாச்சும் சொன்னா அது குளிர் ஊர்க்காரன் கணக்கு, மே மாச வண்ணாரப்பேட்டை ரூமுக்கு இல்ல, அரை மணி நேரம் ஃபிரிட்ஜ்ல வையி. அப்புறம் கார்க் இல்லாம திருகு மூடி இருந்தா மட்டம்னு நெனைக்காத, நான் அப்படி நெனச்சே ரெண்டு வருஷம் நல்ல பாட்டிலையெல்லாம் விட்டேன். தெறந்தத மூடி ஃபிரிட்ஜ்ல வச்சா மூணு நாள் தாங்கும், ஒரே ராத்திரில காலி பண்ணணும்னு இல்ல.